முதலாம் இடம்

பல்லுப் பிடுங்கியாயிற்று.
பஞ்சைக் கடித்தபடி இருபது நிமிஷம் இருக்கச் சொன்னார்கள்.
காலி வீதி, நான்காம் மாடி,
குளிரூட்டியின் இரைச்சலுக்குள்ளே
மெல்லமாய் அந்தப் பாட்டு.
ஒரு விநாடியில் தெரிந்துவிட்டது.
அந்தக் கைதட்டல் அப்படி:
கையே இல்லாத கைதட்டல்,
பெட்டிக்குள் இருந்து யாரோ
அளந்து அளந்து தட்டுவது.
அந்த நாளில் அதைத்தான் புதிது என்றார்கள்.
நானும்தான் சொன்னேன்.

பதினொரு கிழமை முதலாம் இடம்.
அதில் ஐந்து கிழமை என்னுடையது.

ஹம்டன் ஒழுங்கைக்குத் திரும்புமுன்
பொனிபஸ் அண்ணனின் ரெக்கோடிங் பார்.
அறுபது நிமிஷக் கசெற், பக்கத்துக்கு ஆறு பாட்டு,
அட்டையில் பெயர் எழுதுவது என் வேலை.
"உனக்குக் கையெழுத்து எத்தனை விதமாய் வரும்?"
என்று ஒருநாள் கேட்டார்.
அந்தப் படத்தின் கசெற் முந்நூறு
தட்டிலே தூசு பிடித்துக் கிடந்தது.
ஞாயிறு பின்னேரம் வானொலியில் முதல் பத்து.
நேயர்கள் தபாலட்டையில் தெரிவு செய்வார்கள்.
நேயர்கள் என்றால்
நான்.

இடது கையால் எழுதினால் தெய்வேந்திரா, ஹல்துமுல்லை.
சாய்த்து எழுதினால் மர்சூக்கா, அக்குறணை.
பச்சை மையில் பேசாலை,
செபமாலைக் குரூஸ் குடும்பத்தார் ஒன்பது பேர்.
பெயர் தீர்ந்துபோன இரவில்
என்னோடு படித்தவர்களை எழுதினேன்.
எங்கே இருக்கிறார்களென்று தெரியாத பிள்ளைகள்.
கடைசியாய் இருந்த ஊரைப் போட்டேன்,
அங்கே தபால் ஓடுவதில்லை என்று தெரிந்தும்.
அறிவிப்பாளர் பாகு வடியும் குரலில்
ஒவ்வொன்றாய் வாசித்தார்:
சுகந்தினி, கலாமோகன், யூட் நிரஞ்சன்.
லொட்ஜில் விளக்கை அணைத்துவிட்டுக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
இவர்கள் எல்லோருக்கும்
இந்தப் பாட்டுப் பிடித்திருக்கிறது.

பாட்டு என்ன பாட்டு.
அவள் மாட்டேன் என்கிறாள்.
அவன் சிரிக்கிறான்.
மாட்டேன் என்றால் சரிதானே என்று
பின்னால் பத்துப்பேர் கோரஸ்.
பிறகொரு புல்லாங்குழல், மன்னிப்புக் கேட்பதுபோல.
அதையும் முடியவிடாமல் பெட்டி தட்டுகிறது.
சோதனைச் சாவடியில்
என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்
இந்த மெட்டைத்தான் சீட்டியடித்தான்,
சொல் தெரியாமல்,
என் பெயரைச் சொல்ல வராமல்.
நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவன்
சொல் தெரிந்து பாடினான்.
நான் இறங்கி நடந்தேன்.
நடந்தபடி
நானும் முணுமுணுத்தேன்.
அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

இரண்டாம் சரணத்தில் அவள் பதில் சொல்லுவாள்
என்றே இவ்வளவு காலமும் என் ஞாபகம்.
நல்ல பதில், நறுக்கென்று.
அதைச் சொல்லித்தான் பலபேரிடம்
இந்தப் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறேன்,
ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சண்டையே பிடித்து.
இன்று, வாய் பாதி விறைத்துப்போய்,
காத்திருந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முதலாம் சரணத்தையே திரும்பவும் போட்டிருந்தார்கள்.

"அந்தக் காலத்துப் பாட்டுத்தான் மேடம் பாட்டு"
என்றாள் பில் எழுதுகிற பிள்ளை.
பஞ்சுக்கு மேலால் ஏதோ சொன்னேன்.
அவளுக்கு அது ஓம் என்று கேட்டது.

அந்தப் பதினொரு கிழமையும்
ஏழாம் இடத்தில் வேறொரு பாட்டு இருந்தது.
கடைக் கதவை இழுத்துவிட்டபின்
நாங்கள் போட்டுக் கேட்டது அதைத்தான்,
பொனிபஸ் அண்ணன் காசு எண்ணுவதை நிறுத்திவிட்டு.
பாடியவள் யாரென்று கசெற்றில் போடவில்லை.
மேலே ஏறப்போகுமுன்
அவள் மூச்சு எடுப்பது கேட்கும்.
மெட்டு வருகுதில்லை.
படியிறங்கிக் கடல் பக்கமாய் நடந்து,
பாணந்துறை ரயில் போய் முடியும்வரை
தண்டவாளத்துக்கு இப்பால் நின்று பார்த்தேன்.
வருகுதில்லை.
அந்த மூச்சு மட்டும்.

அதற்கு நான் ஒரு அட்டைகூடப் போடவில்லை.
ஒரு தபாலட்டை
என்ன விலை, அந்த நாளில்.