தாள் எண் ஏழு

பல்லடத்துக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டர்
என் மேசையில் ஒரு முழம்.
வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம்,
ஆலைக்கு ஊதா, வெள்ளாமைக்குப் பச்சை.
காற்றுக்கு என்ன நிறம்?
விதிப் புத்தகத்தில் இல்லை.

வைகாசி பிறந்தால்
பாலக்காட்டுக் கணவாய் வழியே
யாரையும் கேட்காமல் நுழைகிற காற்று அது.
ஜன்னலைத் திறந்தால் தாள்கள் எழுந்துவிடும்.
அழுத்தி வைக்க உடைந்த சர்வே கல் ஒன்று
இங்கே உண்டு. எந்த எல்லையிலிருந்து
பெயர்ந்து வந்ததென்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒப்புதலுக்கு வந்த கோப்பில்
நூற்றெண்பத்திரண்டு மனை,
முப்பதடிச் சாலை, பூங்கா, பிள்ளையாருக்கு ஓரிடம்.
மின்சாரம் என்ற வரிக்கு எதிரே
‘ஏற்பாடு செய்யப்படும்.’
யார் செய்வார், எந்தக் கம்பியில், எந்த வருசம்?
செயப்பாட்டு வினை பார்த்துக்கொள்ளும்.

குழந்தைவேல் வந்தார்,
மின்வாரியத்து உதவிப் பொறியாளர்.
பையில் டெஸ்டர், கக்கத்தில் டிரேசிங் தாள்.
“உங்க மஞ்சளு மேல இதெ வெச்சுப் பாருங்க.”

வைத்தேன்.
பதினொரு கேவி கோடு ஒன்று
பாகற்கொடி மாதிரி நீண்டு நீண்டு
கடைசி டிரான்ஸ்பார்மரில் மெலிந்து நின்றது.
அதன் நுனியில் இப்போதே
அறுபது தறி, நாலு சைசிங்,
ஒரு கோழிப்பண்ணை.
“இதுமேல நூத்தியெண்பது வீடுங்களா?
ஒரு ஜோடி மாட்டுல
எத்தனை வண்டியைப் பூட்டறது?”

ஆட்சேபணை கேட்ட நாளில்
கடைசியாக எழுந்தவள் கலாமணி.
கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பனியன் கம்பெனியில் செக்கிங்.
நாலே முக்காலுக்கு வேன்,
முப்பத்தாறு கிலோமீட்டர்.
பொழுது சாய்ந்தபின் இன்னொரு முப்பத்தாறு.
“கம்பெனிக்குப் பக்கத்துல
வீடு கட்ட ஆகாதுன்னு யாருங்க எழுதுனது?”

நாங்கள்தான்.
சாயப்பட்டறைக்கு என்று விட்ட இடைவெளியை
தையல் மிசினுக்கும் விட்டிருந்தது
எனக்கு முந்தைய யாருடையதோ ஸ்கேல்.
தாளில் ஒரு விரல் வெள்ளை.
அந்த ஒரு விரல்தான் தினமும்
வேன் வேனாக டீசல் குடிக்கிறது.

பதினேழு நாள் அழித்து வரைந்தோம்.
மஞ்சளை ஊதாவின் அருகே இழுத்தோம்,
கம்பி தடித்திருக்கும் பக்கமாக.
தெருக்களைக் காற்றின் போக்குக்குத் திருப்பினோம்,
மேற்கு வெயில் மனையின் குறுக்கில் மட்டும் விழும்படி.
துணைமின் நிலையத்துக்கு முக்கால் ஏக்கர்.
பிள்ளையார் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது சென்னியப்பன்.
அவர் காட்டின் மேலிருந்த மஞ்சள் போய்
பச்சையானது. சென்ட் விலை பாதி.
தை மாதம் மகளுக்குக் கல்யாணம்.
“காத்தாடிக்கு எடம் குடுத்தவனுக்கு வாடகை வருது.
ஊரு பூராவும் கரண்டு மிச்சமாகோணும்னு
கோட்டுக்கு வெளிய நிக்கறவனுக்கு
என்னங்க வருது?”

பதிலெழுத ஒரு கட்டம் இருந்தது.
‘பரிசீலிக்கப்படும்’ என்று
கை தானாகப் போனது. ‘ப’ வரை எழுதிவிட்டேன்.

அப்போது கரண்ட் போனது.
விசிறி நின்றது. குழந்தைவேல் போனை எடுத்து
யாரையோ திட்ட ஆரம்பித்தார்.
சென்னியப்பன் எழுந்துபோய்
மேற்கு ஜன்னலைத் திறந்தார்.
தாள் எண் ஏழு மேசையை விட்டு எழுந்தது.
கல்லைத் தேடினேன், காணவில்லை.
அவர்தான் உள்ளங்கையால் அமுக்கினார்,
சரியாகத் தன் காட்டின் மேல்.

“எழுதுங்க,” என்றார்.
“கையை எடுக்காம நிக்கறேன்.”