இழப்பு: நான்கு மில்லிமீட்டர்

சாங்கி ஓடுபாதையின் வேலியோரம்
சன்னல் இல்லாத கட்டடம்.
மூன்று கதவு, இரண்டு கைரேகை.
உள்ளே எந்நாளும் இருபது பாகைக் குளிர்.
காற்றில் ஈரம் கொஞ்சம் கூடினால்
சுவரில் ஒரு பெட்டி அலறும்.
வெளியே டிசம்பர் மழை.
அதற்கு இங்கே அனுமதி அட்டை கிடையாது.

ஹஃபீஸ் உருட்டி வந்தான்.
"தாள் ஒன்றுதான். பெட்டி பதினோரு கிலோ."

கையுறை நான் போடுவதில்லை.
கழுவித் துடைத்த விரலைத்தான் பழைய தாள் நம்பும்.
படிவம் கேட்ட வரிசையில் எழுதிக்கொண்டு போனேன்.
மடிப்பு மூன்று, யாரோ சட்டைப்பையில் வைத்திருந்தது.
இரும்பு மை, ஐந்தாம் வரியில் தாளைத் தின்றிருக்கிறது.
கறை ஒன்று, காபியாக இருக்கலாம்.
காபி என்றே எழுதினேன்.

வாசிப்பது என் வேலையில் சேராது.
வாசித்தேன்.

விடியுமுன் புறப்படுக. கொம்பு ஊத வேண்டாம்.
ஆளுக்குப் பதினைந்து நாள் ரொட்டி.
குதிரைக்கு நாளொன்றுக்கு ஆறு ராத்தல் ஓட்ஸ்.
சுமை இழுக்கும் கோவேறு கழுதைகளின்
முதுகுப் புண்ணுக்குக் களிம்பு எடுத்துக்கொள்க,
சென்ற முறை மறந்ததுபோல் மறக்கக் கூடாது.
ஆற்றங்கரையில் காணும் சூ கூடாரங்களைக்
குளிர்காலத் தீனியோடு எரித்துவிடுக.

கழுதைக்கு மூன்று வரி.

சூ.
எங்கள் வீட்டில் அது
காயவைத்த வடகத்தில் இறங்கும் காகத்துக்கான சொல்.
நாயை ஏவவும் அதையேதான் சொல்வார்கள்.
அந்த மக்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லையாம்,
அன்றிரவு தேடிப் படித்தேன்.
லக்கோட்டா. டக்கோட்டா.
இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

வாங்கியவர் காரிலிருந்து அழைத்தார்.
திரு. குவெக், பின்னணியில் விரைவுச்சாலை இரைச்சல்.
"கையெழுத்து மங்கவில்லையே?"
இல்லை.
உடலை எழுதியது ஓர் எழுத்தரின் நல்ல கை.
அடியில் இருப்பது வேறு கை,
பேனாவை அழுத்தி, வாலைச் சுழித்து,
அவசரமில்லாமல் போட்டது.
"அது இல்லாவிட்டால் இது வெறும் தாள்தானே," என்று சிரித்தார்.

அது இல்லாவிட்டால்
அன்றைக்கும் இது வெறும் தாள்தான்.
நான் இதைச் சொல்லவில்லை.
ஆமாம் சார் என்றேன்.

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் பென்சில் கோடுகள்,
நாலு நின்று ஒன்று குறுக்கே, ஐந்தைந்தாய்.
கடைசியில் மூன்று தனியாக.
மொத்தம் நாற்பத்து மூன்று.
எதை எண்ணினான் என்று எழுதவில்லை.
குதிரையாக இருக்கலாம். மூட்டையாக இருக்கலாம்.
கூடாரமாக.

படம் அனுப்பிய நிமிடத்தில் மறுபடி அழைப்பு.
"பின்னால் என்ன கிறுக்கல்? அழித்துவிடலாமா?"

பென்சில்தான்.
மேசை இழுப்பறையில் இருக்கும் ரப்பர் போதும்,
காலை உணவுக்கு முன் முடிந்துவிடும்.
"முடியாது," என்றேன்.
"தாள் கிழிந்துவிடும்."
பதினான்கு வருட வேலையில்
ஒரு தாளைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

படிவத்தின் கடைசிக் கட்டங்கள்.
பின்பக்கக் குறிகள்: நாற்பத்து மூன்று. அகற்றக் கூடாது.
இழப்பு: கீழ் வலது மூலை, நான்கு மில்லிமீட்டர்.
அந்தக் கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.
பேனா கொஞ்ச நேரம் அதன் மேலேயே நின்றது.

வழக்கமாக இரண்டு எழுத்தில் ஒப்பமிடுவேன்.
அன்று முழுப்பெயர், தமிழில்:
இளவேனில் மாசிலாமணி.
கோட்டைத் தாண்டி ஓடியது பெயர்.
ஹஃபீஸ் எட்டிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
மூடியில் பன்னிரண்டு திருகாணி முடுக்கினான்.

மதியம் மழை விட்டிருந்தது.
உணவங்காடியில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன்.
மைனா ஒன்று மேசை விளிம்பில் வந்து நின்று
மஞ்சள் கண்ணால் என் நெத்திலியைப் பார்த்தது.
கை தானாக எழுந்தது.
நாக்கு மேலண்ணம்வரை போய்
அந்தச் சொல்லின் வாசலில் நின்றுவிட்டது.

ஹஃபீஸ் தட்டை வீசி விரட்டினான்.
அது அடுத்த மேசைக்குப் போனது.