பழைய நாடா, ஒன்று

பெலெம் நகரத்து மழைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும்.
மதியம் இரண்டரைக்கு வரும், மூன்றரைக்குப் போகும்.
ஜுராசிர் பிக்கான்சோவின் ஒலிக்கூடத்துக்குத்
தகரக் கூரை. ஆகவே
பாட வருகிறவர்களிடம் தொலைபேசியில்
நான் கேட்பது ஒன்றே ஒன்று:
மழைக்கு முன்னா, பின்னா?

பதினேழு வருடம் அங்கே கணக்கு எழுதினேன்.
இசை தெரியாது. ரசீது தெரியும்.

இப்போது எழுதுகிறவர்கள் அவனை மேதை என்கிறார்கள்.
இருக்கட்டும்.
அபயெதெதுபாவில் படகு எஞ்சின் பழுது பார்த்தவன்.
கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் பிஸ்டன் என்பான்,
திறந்து பார்த்தால் மூன்றாம் பிஸ்டன்.
இரவில் கரீபியத் தீவுகளின் வானொலி
வழிதவறி ஆற்றின் மேல் வரும்.
அதைக் கேட்டுக் கேட்டுக் கிதார் பழகினான்.
அந்தக் கிதாருக்கு ஒரு தந்தி குறைவு.
பிற்பாடு ஆறும் உள்ளதை வாங்கியும்
அந்த ஒன்றின் பக்கம் விரல் போகவே இல்லை.

மேடையில் நான்கு வருடம்.
ஊரே ஆடும்போது இவன் மட்டும்
ஒலிபெருக்கியை முறைத்துக்கொண்டு நிற்பான்,
கடன் திருப்பித் தராதவனை முறைப்பதுபோல.
கடைசியில் கிதாரை விற்று
நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி வாங்கினான்.
என் நோட்டில் முதல் பக்கம், முதல் வரி, சிவப்பு மை.

தெருவெல்லாம் மாமரம்.
நவம்பரில் பழம் கூரைமேல் விழும்.
ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் நடுவே ஒரு 'டம்'.
பாடியவன் நிறுத்தப் போனான். ஜுராசிர் கண்ணாடிக்குப் பின்னால்
கையை ஆட்டினான், போ, போ.
அந்த வருடம் முழுக்க மற்ற ஊர்த் தாளக்காரர்கள்
அதே இடத்தில் சிரத்தையாக டிரம்மை அடித்தார்கள்.
மாம்பழத்துக்கு நான் சம்பளம் எழுதவில்லை.

எழுபத்து மூன்றில்
தலைநகருக்கு அனுப்பிய பாட்டு முத்திரையோடு திரும்பியது.
வார்த்தைகள் கூடாதாம்.
சரியென்று அதை டிராம்போனில் ஊத வைத்தான்.
சொல்லில்லாமல் போன பாட்டுக்குச்
சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள் சொல் போட்டார்கள்.
தடை செய்ததைவிட மோசமான சொல்.

தல்வனீரா வந்தது மழைக்குப் பின்.
ஈரச் செருப்பை வாசலில் விட்டு
வெறுங்காலோடு நின்று பாடினாள். ஏழு முறை.
மூன்றாவதுதான், என்றான்.
எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை.
குரலில் சேறு இருக்கிறது என்று எழுதினார்கள்.
சேறுதானே வேண்டும், என்று கடிதத்தைப் பார்த்துக் கத்தினான்,
அன்று மட்டும்தான் அவன் கத்திக் கேட்டேன்.
அவள் சாவோ பாலோவுக்குப் பேருந்து ஏறினாள்.
ஒரு தபால் அட்டை வந்தது.
பிறகு வரவில்லை.

எழுபத்தொன்பதில் நாடா விலை இரு மடங்கு.
மளிகைக் கடைக்காரன் விளம்பரப் பாட்டு கேட்டான்,
பணம் முன்கூட்டியே.
புதுச் சுருளுக்கு வழியில்லை என்றது நான்.
அலமாரியிலிருந்து எடுத்து நீட்டியதும் நான்.
பெட்டிமேல் அவள் பெயர்.
அவன் படித்தான். கருவியில் மாட்டினான்.
அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து:
பழைய நாடா, ஒன்று. மிச்சம்.

போன மாதம் ஐரோப்பாவிலிருந்து இரண்டு பேர்,
வெள்ளைக் கையுறை, குளிர்பெட்டி.
மூல நாடாக்கள் வேண்டுமாம்.
இருந்ததைக் கொடுத்தோம்.
பூஞ்சை துடைத்து ஒன்றை ஓடவிட்டார்கள்.

ஒரு மூச்சு.
உள்ளே இழுத்த மூச்சு, தரையில் பாதம் பதியும் சத்தம்.
அரை நொடி.
உடனே நான்கு பேர் குதூகலமாக:
கறுப்பு பீன்ஸ், கிலோ இருபத்தெட்டு குருசேரோ!

அழிக்கும் பொத்தானை
அரை நொடி தாமதமாக அழுத்தியிருக்கிறான்,
மூன்றாம் பிஸ்டனைக் கண்ணை மூடிச் சொன்னவன்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
மறுபடி போடு, என்றான்.
மூச்சு. பாதம். பீன்ஸ்.
மறுபடி.
மணி இரண்டரை ஆகியிருக்க வேண்டும்,
கூரையில் முதல் துளிகள் விழுந்தன.
யாரும் நிறுத்தவில்லை.