விடுபட்ட புள்ளி

மூன்று நாளாய்க் கொழும்புக்கு ஒரு கடிதமும் இல்லை.
இரவு பதினொன்றரை. ரீட் அவெனியூவில் மழை.
மொடெம் கீச்சிட்டு, ஒட்டி, வெறுங்கையோடு அறுந்தது.

எங்கள் இயந்திரம் பகலில் தூங்கும்.
அதற்கு வீட்டிலக்கம் இல்லை, பெயர்தான் உண்டு.
தூரதேசத்துப் பெயர் வழங்கி
கேட்பவர்க்கெல்லாம் சொல்லவேண்டியது இவ்வளவே:
'கொழும்புக்கா? இந்த அயலானிடம் கொடு.
அவர்கள் அழைக்கும்வரை வைத்திருப்பான்.'

வெள்ளவத்தையில் வாடகை அறையில் நானும் அப்படித்தான்.
என் கடிதங்கள் கீழ்க் கடை நஸ்ருல்லா நானாவிடம்;
பொலிஸ் பதிவில் மட்டும் என் பெயர் நேரே.

அச்சடித்த தாளில் விரல் வைத்து வாசித்தேன்.
அயலான் பெயரின் கடைசியில்
ஒரு புள்ளி இல்லை.
அதனால் பெயருக்குப் பின்னால் இன்னொரு ஊர் ஒட்டிக்கொள்ள,
இல்லாத இடத்தைத் தேடி
மலேரியா ஆய்வு முடிவு, ஒஸ்லோவிலிருந்து தம்பி,
எல்லாம் அலைந்திருக்கிறது.

புள்ளி வைத்தால்தான் மெய்.
அரிவரியில் படித்ததுதான்.

தொலைநகல் அனுப்பினேன்: 'ஒரு புள்ளி, தயவுசெய்து.'
பழைய பிழையை மறக்க
உலகத்துக்கு இன்னும் இரண்டு நாள் எடுத்தது.

பிறகு ஒரே இரவில் நாற்பத்தொரு கடிதம்.
தம்பியுடையதில் ஒரு வரி:
'முந்தினது கிடைச்சதா?'