பதினெட்டு

கண்ணாடிச் சட்டத்தின் உட்புறத்தில்
எறும்பு ஊர்ந்த மாதிரிச் சில எண்கள் இருக்கும்.
ஐம்பத்திரண்டு என்றால் வில்லையின் அகலம்.
அடுத்து வரும் பதினெட்டு,
மூக்கின் மேல் அது ஏறிக் கடக்கும் தூரம்.
கல்முனை மெயின் வீதியில் ஒன்பது வருடம்
ஊராரின் மூக்கை மில்லிமீற்றரில் அளந்திருக்கிறேன்.
என்னுடையதில் அளக்க
இரண்டு வருடம் எதுவும் இருக்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள், மருதமுனை மைதானம்.
நஜாத் போட்ட தோல் பந்து குத்தி எழும்பியது.
ரத்தம் வந்தது. ஐஸ் வைத்தார்கள். நின்றது.
எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை.
அல்ஹம்துலில்லாஹ் என்றா உம்மா.
மூக்கு மட்டும் இரண்டு பக்கமும்
தடிமன் பிடித்த மாதிரி அடைத்துக் கிடந்தது.
வெளியே வராத ரத்தத்தைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

நடுச்சுவரின் இரு புறமும் அது தேங்கி நின்றிருக்கிறது.
குருத்தெலும்புக்கென்று சொந்த நாளம் கிடையாதாம்,
போர்த்திய தோல் ஊட்டுவதைத் தின்று உயிர் வாழுமாம்.
இடையில் ரத்தம் புகுந்தால்
மூன்று நாலு நாளில் பட்டினியில் சாகும்.
எனக்கு ஆறாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் சீழ்.
கீறி எடுத்தபோது
சுவரில் பாதி சீழோடு போயிருந்தது.

பிறகு மெதுவாக, மழையில் ஊறிய வரம்பு இறங்குவதுபோல
நடுமூக்கு உள்ளே போனது. நுனி வானம் பார்த்தது.
கண்ணாடி போட்டால் வழுக்கி உதட்டில் வந்து நின்றது,
கண்ணாடி விற்பவனின் கண்ணாடி!
என் மூக்கு இருந்த பள்ளத்தில்
ஊர் தன் மூக்கை நுழைத்தது.
தூள் இழுக்கிறான் என்றது ஒரு கடை.
கொழும்பில் கண்ட இடமெல்லாம் போனவன் என்றது இன்னொன்று.
பெண் தர இருந்த வீட்டார்
மாந்தீவுக்குப் படகு ஏற்றின நோயோ என்று
ஆள் விட்டுக் கேட்டார்கள்.

மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில்
டொக்டர் கோகுலராணியும் அவற்றையேதான் கேட்டார்.
தூள்? பழைய ஒப்பரேஷன்? உணர்வில்லாத தேமல்?
மூட்டு நோவு? சிறுநீரில் ரத்தம்?
உடம்பு தன்னையே கடிக்கிற வியாதியும் உண்டு,
அதற்கும் ஒரு ரத்தம் எடுப்போம் என்றார்.
அதே கேள்விகள். ஒன்றும் சுடவில்லை.
நான் 'இல்லை' என்றதை எழுதிக்கொண்டார்,
அவ்வளவுதான்.

காதில் எடுத்தால் போதாது, பள்ளம் பெரிசு.
ஏழாம் விலாவின் குருத்தை எடுத்து
உப்புநீரில் போட்டு அரைமணி காத்திருந்தார்களாம்,
அது எந்தப் பக்கம் வளைய ஆசைப்படுகிறது என்று பார்க்க.
பிறகு சீவி, ஒரு துண்டைத் தூணாக நட்டு
ஒன்றை முகடாகப் படுக்கவைத்தார்கள்.
ஆறு கிழமைக்குச் சிரித்தால் நெஞ்சு நொந்தது.
வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும்.
இடப்பக்கம் கொஞ்சம் சாய்வு, இன்றைக்கும்.
கிளினிக் போய் வரும் பஸ் களுவாஞ்சிக்குடி தாண்டுகையில்
ஒரு துவாரத்தால் கருவாட்டு மணம் வந்தது.
அழுதுவிட்டேன், கருவாட்டுக்கு.

நேற்று மஃரிபுக்குச் சற்று முன்
முபீத் நானா மகனின் சட்டத்தைக் கொண்டுவந்தார்,
பந்து பட்டு வளைந்தது.
"நிமிர்த்தித் தாங்க, நாளைக்கு டியூஷன்."
பையன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.
"எப்ப பட்ட?" "முந்தநாள்."
வில்லை பார்க்கும் டோர்ச்சை மூக்குக்குள் அடித்தேன்.
இரு பக்கமும் ஜம்புப்பழம் போல வீக்கம்.
"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விடியும்வரை வைக்க வேணாம்."
"ரத்தம்தான் நின்றுட்டே தம்பி?"
"நின்றதுதான் பிரச்சினை."
நம்பாமல் பார்த்தார்.
சேட்டுப் பொத்தானைக் கழற்றி
விலாத் தழும்பைக் காட்டினேன்.
அதற்குப் பிறகுதான் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

சட்டம் என் லாச்சிக்குள் கிடக்கிறது.
நிமிர்த்திவிட்டேன். பதினாறு, பிள்ளைகளின் அளவு.
மூக்குக் குமிழ் இரண்டும் புதிசு.
யாரும் இன்னும் எடுக்க வரவில்லை.