பன்றி மாதிரி

மூன்றாவது மாதமும் எலிகள் நன்றாகவே இருந்தன.
வாலைப் பிடித்துத் தூக்கினால் துள்ளின.
தீனியைக் கொறித்தன, மரத்தூளைக் கிளறின,
ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின.
வயிற்றுக்குள் ஊசி வழியே போன கிருமி
எந்த வாசலில் வெளியேறியதோ.
நெய்வா ஸனெல்லா குறிப்பேட்டில்
ஐந்து நாளும் சுழியம் எழுதினாள்.
ஆரோக்கியத்தை இத்தனை எரிச்சலோடு
அவள் பதிவு செய்ததே இல்லை.

மேற்குச் சாந்தா கத்தரினாவில் அது ஜூலை.
ஆற்றிலிருந்து ஏறி வரும் பனிமூட்டம்
ஆய்வுக்கூடச் சன்னலில் முகம் வைத்து நிற்கும்.
மாத்தே குடுவை கைமாறிக் கைமாறி ஆறும்.

கிருமி வந்தது ஓஸ்வீனோ வென்ட்லரின் கொட்டிலிலிருந்து.
பால்மறந்து பத்து நாளான குட்டிகள்
பக்கவாட்டில் விழுந்து
நான்கு காலாலும் காற்றில் துடுப்புப் போட்டன,
தண்ணீர் இல்லாத ஆற்றில்.
ஒன்றின் மண்டையை நெய்வாதான் திறந்தாள்.
தெளிந்திருக்க வேண்டிய நீர்
வடித்த கஞ்சி மாதிரி.

பன்றிக்கு இடம் வேண்டும்,
கழுவிவிட ஆள் வேண்டும்,
ஒரு கேள்விக்கு நாற்பது பன்றி என்றால்
இந்த ஆண்டுப் பணம் காணாது.
எலிக்கு ஓர் அலமாரி போதும்.
ஆனால் எலி எலியாகவே இருந்தது.

வெள்ளையை விட்டுக் கறுப்புக்கு மாறினாள்.
கறுப்பை விட்டு வேறொரு வெள்ளைக்கு.
வயிற்றை விட்டு மூக்கு, மூக்கை விட்டு மறுபடி வயிறு.
ஒரு கோடி கிருமி கொடுத்தால் ஒன்றுமில்லை.
பத்துக் கோடி கொடுத்தால்
விடிவதற்குள் கூண்டு முழுக்க விறைத்திருந்தது.
"இது நோய் இல்லை, கொலை," என்றான்
கூண்டு கழுவும் வல்மோர்.
அவன் சொன்னது சரி. நோய்க்கு நாள் வேண்டும்.
பன்றி எடுத்துக்கொள்கிற அந்த மூன்று நாலு நாளைத்தான்
அவள் எலியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து கோடி. நாலாம் நாள். பின்னிரவு இரண்டே முக்கால்.
முப்பத்தொன்றாம் எலி
அடுத்த அறையில் யாரோ கூப்பிட்ட மாதிரி
இடப்பக்கம் தலை சாய்த்து நின்றது.
பிறகு வட்டம் போட்டது.
இன்னொரு வட்டம்.
அதே பக்கம்.
இன்னொன்று.

நெய்வா கத்தினாள். சந்தோஷத்தில்தான்.
வல்மோர் துடைப்பத்தோடு ஓடி வந்தான்.
"வந்திருச்சு!"
அவளே அந்தச் சொல்லைக் கேட்டாள்.
அப்புறம் இரண்டு பேரும் கூண்டையே பார்த்தார்கள்,
எதுவும் பேசாமல்.

ரோமம் சிலிர்த்தால் ஒன்று, முதுகு கூனினால் இரண்டு,
சுற்றத் தொடங்கினால் மூன்று;
மூன்று வந்த பிறகு காத்திருக்கக் கூடாது.
விதியை எழுதியவள் அவள்தான்.
காலைவரை பார்த்தால் இன்னும் தெரியும் என்று
உள்ளே ஒரு குரல் பேரம் பேசியது.
அவள் கையுறையை மாற்றிக்கொண்டாள்.
நேரம்: மூன்று மணி இரண்டு நிமிடம்.

நுண்ணோக்கியில் மூளையின் மேலுறை
தடித்து, சீழ் படர்ந்து,
குட்டியினுடையதேதான், சிறிதாக மடித்து வைத்த மாதிரி.

கூண்டில், மரத்தூளில்,
கால் தேய்த்த ஒரு வளையம் பதிந்திருந்தது.
அதை மட்டும் வல்மோர் மதியம்வரை கழுவவில்லை.

எட்டு மணிக்கு ஓஸ்வீனோவைக் கூப்பிட்டாள்.
"கிடைச்சிருச்சு," என்றாள்.
"மருந்தா?"
"இல்லை. நோய்."
தீனி நேரம். தொலைபேசிக்குள் நூறு பன்றிகள் அலறின.
அவை ஓயும்வரை அவர் பேசவில்லை.
"அது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே, அம்மா."

இந்த வாரம் எத்தனை என்று கேட்டாள்.
ஆறு.
முப்பத்தொன்றின் வரிசைக்குக் கீழே
அதையும் எழுதிவைத்தாள்,
அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால்
ஓரத்தில்.