எந்த எழுத்து

இரவு பதினொன்று இருபது.
டொக்கமாச்சி நகராட்சியின் பின்வாசல், இரவுச் சாளரம்.
பூட்ஸ் உதறும் சத்தம் முதலில்,
அப்புறம்தான் ஆள்.

வாஷியோ. பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
மகள் பிறந்து பதினான்கு நாள்,
பதிவு செய்ய இன்றே கடைசி;
நள்ளிரவு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.
எடை, பிறந்த நேரம், மருத்துவர் முத்திரை, எல்லாம் இருக்கிறது.
பெயர்க் கட்டம் மட்டும்
பனி பெய்து யாரும் மிதிக்காத முற்றம்.

"ஒலி முடிவாகிவிட்டது," என்றார்.
"ஷியோரி.
எழுத்துதான்..."

என் சட்டையில் குத்திய அட்டையில்
குலப்பெயர் மட்டுமே உண்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி கேட்பது இரண்டெழுத்து ஷியோரி:
பா என்றொரு எழுத்து, நெய்தல் என்றொரு எழுத்து.
கிமோனோ ஆலையில் பிழை பார்ப்பது அவள் வேலை;
ஓர் இழை தப்பினால் விரல் சொல்லிவிடும்.
முதல் எழுத்தில் சொல்லும் கோயிலும் பக்கம் பக்கம்.
அடுத்ததில் நூல், ஓசை, ஓர் ஈட்டி.
மொத்தம் முப்பத்தொரு கோடு.

"ஏற்கெனவே கழுகின் வாலைச் சுமந்து வந்திருக்கிறாள்.
எங்கள் குலப்பெயரே முப்பது கோடு.
பரீட்சையில் நான் பெயரை எழுதி முடிப்பதற்குள்
பக்கத்துப் பையன் மூன்றாம் கணக்கில் இருப்பான்."

அண்ணன் கைபேசியில் அனுப்பியது வேறு:
நீரோடு அந்தி ஒட்டிய எழுத்து, அதன் அருகே ஓர் ஊர்.
மாலை ஓதம் ஏறுகிற ஊர்.
"இங்கிருந்து கடலுக்கு ஒரு மணி நேரம்.
இந்த மலைக்குள் எங்கே ஏறும் ஓதம்?"
சிரித்தார்.
கண்ணாடியில் ஆவி படிந்தது.

மூன்றாவது ஒற்றை எழுத்து. பத்தே கோடு.
கீழே மரம், மேலே ஒன்றுபோல் இரண்டு கொம்பு.
புத்தகத்தில் விட்ட இடத்தைக் காட்டும் தாள்.
"எழுதச் சுலபம். ஆனால் நான்
புத்தகம் திறந்து வருஷங்கள் ஆச்சு."

மேசையில் ஒட்டியிருக்கிறது விதி:
பெயர் குறித்து ஊழியர் கருத்துச் சொல்லலாகாது.
அகராதி கொடுக்கக் கூடாது என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
சாளரத்தின் அடியில் தள்ளினேன்.
அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரியும்;
அத்தனை முறை திறந்திருக்கிறேன்.

விரல் வைத்துப் படித்தார்.
தாளாவதற்கு முன் அது கிளையாம்.
மலையேறுகிறவன் திரும்பும் வழி மறக்காதிருக்க
ஒடித்துவிட்டுப் போகும் சிறு கிளை.

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, எனக்கா தனக்கா தெரியாமல்:
"சாலையோரக் கம்புகள். நவம்பரில் நான்தான் நட்டேன்.
இன்றைக்குச் சாலையே இல்லை,
அதைப் பார்த்துத்தான் ஓட்டி வந்தேன்."

ஆவி படிந்த கண்ணாடியில்
கையுறை கழற்றி, பத்துக் கோடும் இழுத்துப் பார்த்தார்.
உள்ளிருந்து எனக்கும் அதே எழுத்து.
திருப்பினாலும் மாறாத எழுத்து
நம்மிடம் அதிகமில்லை.

மனைவியை அழைத்தார்.
"கம்பு மாதிரி," என்றார், "நம்ம கம்பு மாதிரி."
அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
கேட்டுக்கொண்டே இருந்தார்.
ஒருமுறை மூக்கைத் துடைத்தார்.

பேனா வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்:
சொல், கோயில்.
நூல், ஓசை, ஈட்டி.
கடைசிப் புள்ளி கட்டத்துக்கு வெளியே தெறித்தது.
"பரவாயில்லையா?"
"பரவாயில்லை."
பதினொன்று ஐம்பத்திரண்டு. முத்திரை குத்தினேன்.

எனக்கு அர்த்தமுள்ள எழுத்து எதுவும் கிடையாது.
ஒலியெழுத்து மூன்று:
ஒரு தூண்டில்,
சுருண்டு திரும்பிப் புள்ளி வைக்கும் ஒன்று,
இரண்டு தூறல்.
என் பதினான்காம் நாளில் அப்பா
யாரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை.
வங்கியில், மருத்துவமனையில் கேட்பார்கள்,
எந்த ஷியோரி?
வெறும் ஷியோரி, என்பேன்.

மஞ்சள் விளக்கு சுழல, வண்டி
கம்புகளுக்கு நடுவே போயிற்று.
கண்ணாடியில் அவர் விட்டுப்போன மரம்
அடியிலிருந்து வழியத் தொடங்கியது.
துணியை எடுத்தேன்,
மடித்து வைத்துவிட்டேன்.